பெருங்காய டப்பா காணாமற்போதலும் காணப்படுதலும்: ஒரு விரிவுரை

தேடப்படும் பொருள் மூவகைப்படும்: சாவி, மூக்குக்கண்ணாடி, பெருங்காய டப்பா.

சாவியைப் பற்றி முன்னோர் வேண்டிய மட்டும் புலம்பிவிட்டதால் அது இங்கே விடப்படுகிறது. மூக்குக்கண்ணாடி, தேடுபவரின் நெற்றி நீங்கலாக எல்லா இடங்களிலும் தேடப்படும்.

எஞ்சியது பெருங்காய டப்பா. துறை: தலைவி அடுப்பை நோக்கியபடியே கைநீட்டி எடுத்தது, தலைவன் அதே அலமாரியை நோக்கி 'இல்லை' என்றது (காண்க: சமையலறை வாய்மொழி, தினப் பதிப்பு). உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால், மேல்தட்டு மூடியையும் கீழ்த்தட்டு டப்பாவையும் மாட்டு என்று சேர்த்துப் பொருள் முடித்திருப்பார்.

இக்காலத்தார் வேறு வழி போனார்கள். 1998-இல் உளவியலாளர்கள் மார்வின் சுன், யூஹோங் ஜியாங் இருவரும் திரையில் சிதறிய 'எல்' எழுத்துகளுக்கிடையே பக்கவாட்டில் சாய்ந்த ஒரு 'டி'யைத் தேடச் சொன்னார்கள். சில அமைப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் மட்டும் தேடல் விரைவுபட்டது. முன்பு பார்த்த அமைப்பு எது என்று கேட்டால், தேடியவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைவியிடம் டப்பா எங்கே என்று கேட்டாலும் விடை அதுவே: "அங்கதான் இருக்கு" (மேற்படி வாய்மொழி, உரத்த பாடம்).

அதே 1998-இல் டாட் ஹோரோவிட்ஸ், ஜெரமி உல்ஃப் இருவரும் 'நேச்சர்' இதழில், காட்சித் தேடலுக்கு நினைவே கிடையாது என்று தலைப்பிட்டார்கள். தேடும்போதே எழுத்துகளை இடம்மாற்றிப் போட்டும் தேடலின் திறன் குறையவில்லையாம். தலைவன் ஒரே மிளகாய்த்தூள் டப்பாவை மூன்று முறை திறப்பது இக்கட்சிக்கு வலு. உண்மையில் முன்னவர் பேசியது பழகிய அமைப்பின் நினைவை. பின்னவர் பேசியது சற்றுமுன் பார்த்த இடத்தின் நினைவை. இதைத் தலைப்பிலேயே சொல்லியிருந்தால் மறுப்புக் கட்டுரை எழுதுவோர் பிழைப்பு என்னாவது?

2017-இல் கலிஃபோர்னியாவில் மிகுவேல் எக்ஸ்டீன் குழுவினர் காட்சிப் படங்களில் பொருள்களைத் தேடவிட்டார்கள். பல்துலக்கி இயல்பான அளவில் இருந்ததைவிட ராட்சத அளவில் இருந்தபோது அதிகம் பேர் தவறவிட்டார்கள். சூழலுக்குப் பொருந்திய அளவையே கண் தேடியது. பெருங்காயம் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குக் குடிபெயர்ந்த வீட்டில் தலைவனைக் குறைசொல்ல இனி இடமில்லை.

தலைவிக்கும் ஒரு புறனடை உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடித்து டப்பாக்களை மாற்றி அடுக்கியபின், அவர் கையும் பழைய இடத்துக்கே போகிறது (ஒப்பிடுக: மாமியார், 'யார் மாத்தி வெச்சது?', பின்கட்டு உரை, மருமகளின் மறுப்புரையும் மாமனாரின் மௌனமும் பின்னிணைப்பாகச் சேர்ந்த மார்கழிப் பதிப்பு). அந்த ஒரு வாரம் மட்டும் இருவரும் ஒரே வேகத்தில் தேடுகிறார்கள்.