ஏழு குமிழும் ஓர் இளவரசியும்

ஜொகூரின் தங்காக் ஊரில் நிமிர்ந்தால் லேடாங் மலை, குனிந்தால் துணிக்கடை. 1,276 மீட்டர் உயரத்தில் ஓர் இளவரசி குடியிருப்பதாகக் கதை. கீழே சேலையும் சட்டைத்துணியும் குடியிருப்பது கண்கூடு. மின் கிட்டாரின் வரலாற்றை இந்த ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்கர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு லேடாங் மலையைத் தெரியாது, பாவம்.

மலாக்காவின் கடைசிச் சுல்தான் மாமுட் ஷாவுக்கு மலையிலிருக்கும் இளவரசி மீது ஆசை வந்தது. பெண் கேட்க ஆள் அனுப்பினார். வீரர் ஹங் துவாவும் கூடப் போனார். அதற்குள் அவருக்கு வயதாகி மூட்டுவலி வந்திருக்க வேண்டும், உச்சிக்கு ஏறியவர் உடன் போன துன் மாமாட்தான். தாம்பூலம் வாங்கப் போனவர் கையில் பட்டியலைக் கொடுத்து அனுப்பினார்கள். மலாக்காவிலிருந்து மலைக்குத் தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தாம்பாளம் கொசு இதயம், ஏழு தாம்பாளம் கிருமி இதயம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு, கடைசியாகச் சுல்தானின் இரத்தமும் அவர் மகனின் இரத்தமும். இரத்தத்தை ஒன்றாக எண்ணினால் ஆக மொத்தம் ஏழு நிபந்தனை. சுல்தான் யோசித்தார். கொசு இதயம்கூடக் கிடைத்துவிடும், சொந்த இரத்தம் மட்டும் முடியாது என்று கைவிட்டார்.

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு கழித்து, 1963இல், கலிபோர்னியாவில் அதே பட்டியலை ஒரு கிட்டார் ஆம்ப் பெட்டியில் பதித்து விற்றார்கள். பெயர் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். அதன் இரண்டாவது சேனலில் உள்ள குமிழ்களை எண்ணிப் பாருங்கள்: வால்யூம், ட்ரெபிள், மிடில், பேஸ், ரிவெர்ப், ஸ்பீட், இன்டென்சிட்டி. ஏழு! அதைச் செய்த லியோ ஃபெண்டர் லேடாங் மலை ஏறியதற்கு ஆதாரம் இல்லை என்பார்கள். ஏறவில்லை என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா?

லியோ ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. சமைக்கத் தெரியாதவர் அடுப்பு செய்த கதைதான். ஆனால் அடுப்பு அருமையாக எரிந்தது. பெயர் வைப்பதில்தான் சறுக்கினார். சுருதி நடுங்கினால் விப்ராட்டோ, சத்தம் நடுங்கினால் டிரெமோலோ என்பது சங்கீத வழக்கு. அவரோ 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை நடுங்க வைக்கும் கம்பிக்கு டிரெமோலோ என்றும், ஆம்ப்பில் சத்தத்தை நடுங்க வைக்கும் வசதிக்கு விப்ராட்டோ என்றும் பெயரிட்டார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இடம் மாறி அச்சாகி, அந்தப் பெயரிலேயே குடித்தனம் நடப்பது போல, கிட்டார்க்காரர்கள் பலர் இன்றுவரை அப்படியே அழைக்கிறார்கள்.

அதே ஸ்ட்ராட்டில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் மூன்று பிக்கப், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை ஸ்விட்ச். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவே தொங்க விட்டு, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் கொஞ்சலான ஓசையைக் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது 1977இல். இருபத்து மூன்று வருடம் பசங்கள் ஸ்விட்சை அந்தரத்தில் நிறுத்தித்தான் காலம் தள்ளினார்கள்.

இதற்கிடையே 1961இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து வாசித்துவிட்டுப் போக, தீபகற்பம் முழுக்கக் கிட்டார் காய்ச்சல். பீட்டில்ஸின் 'யே யே' ஒட்டிக்கொண்டு 'பாப் யே யே' பிறந்தது. குழுக்களுக்குக் 'குகிரான்' என்று பெயர். நம்மவர்களும் சும்மா இல்லை. பினாங்கிலிருந்து டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' கிளம்பியது. அவர்கள் சுருட்டை முடியின் சுற்றளவுக்கே தனியாக ஒரு வால்யூம் குமிழ் தேவைப்பட்டிருக்கும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். ட்ரெபிள்தான் கொசு இதயம்: கூடினால் காதருகே ரீங்காரம். பேஸ், பாலத்தில் போகும் மர லோரி. மிடிலை வீட்டில் தனியாக வாசிக்கும்போது எல்லோரும் குறைத்து வைப்பார்கள், இனிமையாக இருக்கும். மேடையில் டிரம்ஸும் உறுமியும் சேர்ந்ததும் கிட்டார் எங்கே என்று தேட வேண்டிவரும். மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால் ட்வின்னில் சத்தமே வராது. ரிப்பேர்க்காரரைக் கூப்பிடும் முன் அதைப் பாருங்கள். ரிவெர்ப், கண்ணீர்த் தாழி: உள்ளே தகரத் தட்டில் ஸ்பிரிங்குகள், எந்தப் பாட்டையும் இழவு வீட்டில் நனைத்து எடுக்கும். ஸ்பீடும் இன்டென்சிட்டியும் தங்கப் பாலம், வெள்ளிப் பாலம். பார்க்க அழகு, தினமும் யாரும் நடப்பதில்லை.

கிட்டாரில் இருக்கும் டோன் குமிழை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அது துணிக்கடைக் கத்தரிக்கோல். எதையும் கூட்டாது, மேல் சுருதிகளை ஒரு கெப்பாசிட்டர் வழியாகத் தரைக்கு வடித்து வெட்டிவிடும். ஒரே வித்தியாசம், இந்தக் கடையில் வெட்டிய துணி குமிழைத் திருப்பினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

கரகரப்பு வேண்டும் என்று 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரையே பிளேடால் கீறினார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வால்வு ஆம்ப்பை உரக்க வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் தெளிவு, முழுக்கத் திறந்தால் கரகரப்பு. ஸ்பீக்கரும் பிழைக்கும், பிளேடும் முகச்சவரத்துக்கு மிஞ்சும்.

இந்த ஒரு குமிழில்தான் கதை மலாக்காவுக்குத் திரும்புகிறது. கல்யாண விருந்து, மண்டபம், பாடகர் திரும்பிப் பார்த்து "தம்பி, கொஞ்சம் குறைங்க" என்கிறார். கிட்டார்க்காரர் ஆம்ப்பிடம் போய் ட்ரெபிளைத் தொடுவார், பேஸைத் தொடுவார், ரிவெர்ப்பை அரை சுற்றுத் திருப்புவார், கம்பியைக்கூடத் துடைப்பார். சுண்டுவிரல் எட்டும் தூரத்தில், கிட்டார் மேலேயே இருக்கிறது அவருடைய வால்யூம் குமிழ். அதை மட்டும் தொட மாட்டார்.

கொசு இதயம் எத்தனை தாம்பாளம் வேண்டும் என்று கேளுங்கள், கொண்டுவருவார்.