பதினான்கு செட்டும் ஒரு ரசச் சட்டியும்

டிஷ்வாஷரின் அளவைச் சொல்ல ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே, அதைப் போட்டவர்கள் ரசம் சாப்பிடாதவர்கள். வாஷிங் மெஷினுக்குக் கிலோ, ஃப்ரிட்ஜுக்கு லிட்டர். இதற்கு மட்டும் 'ப்ளேஸ் செட்டிங்'. ஐரோப்பிய மேஜையில் ஒருவர் உட்கார்ந்தால் அவர் முன்னால் பரப்புகிற பெரிய தட்டு, சூப் தட்டு, சின்னத் தட்டு, கப், சாசர், கண்ணாடி டம்ளர், கத்தி, முள்கரண்டி, ஸ்பூன்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு செட். எட்டு, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று விலையோடு அதுவும் ஏறும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்ப்பது ஒருவர்; அதற்கு மெஷின் வாங்குவது பற்றி ஆராய்ச்சி செய்வது இன்னொருவர். அந்த இன்னொருவர் நான். கையில் இன்ச் டேப், காதிடுக்கில் பென்சில். இந்த அடுக்களையை இழைத்துக் கொடுத்த ஆசாரிகூட இத்தனை தோரணையோடு வந்ததில்லை.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு எட்டு செட் தாராளம் என்று தாளில் கணக்கு அழகாகத்தான் வரும், தாளை சிங்க் பக்கம் கொண்டுபோகாத வரையில். அங்கே காலை பத்து மணிக்குச் சூப் தட்டா கிடக்கிறது? ஐந்து லிட்டர் குக்கர், அதற்குள் பருப்பும் சோறும் வெந்த அடுக்குகள், இட்லித் தட்டுகள், மாவுக் குண்டான், வாணலி, அடிப்பிடித்த பால் பாத்திரம், காபி ஃபில்டர், டபரா டம்ளர்கள், நான்கு சைஸில் கரண்டிகள். குக்கர் ஒன்று குப்புறப் படுத்தால் தட்டுகள் நிற்க வேண்டிய வரிசை முழுக்கப் போச்சு.

இதில் கழித்தல் கணக்கும் உண்டு. அலுமினியம் உள்ளே போனால் கறுத்துப் போகும். இரும்பு வாணலியும் தோசைக்கல்லும் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். மர அகப்பை, ஈயச் சொம்பு, பித்தளை எதற்கும் அனுமதி இல்லை. நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டக் காட்ட, மனைவி கையிலிருந்த ஸ்க்ரப்பரை நிறுத்திக் கேட்டாள்: "ஏங்க, அப்போ நீங்க எதைத்தாங்க அதுல போடப் போறீங்க?"

'நீங்க' என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. கவனிக்காத மாதிரி வரலாற்றுக்குத் தாவினேன். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஷெல்பிவில் என்ற ஊர்க்காரி ஜோசஃபின் காக்ரன். தன் பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் கழுவும்போது விளிம்பு உடைக்கிறார்கள் என்ற எரிச்சலில், தானே ஒரு மெஷினை உருவாக்கி 1886இல் காப்புரிமை வாங்கியவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பாத்திரம் கழுவியது. அந்தம்மா முதலில் செய்த வேலை, தன் வீட்டுத் தட்டுகளை அளந்து அதற்கேற்பக் கம்பியில் அறைகள் கட்டியதுதான். பாத்திரத்தை அளந்துவிட்டு மெஷினுக்குப் போனார். நான் மெஷினையே அளந்துகொண்டிருந்தேன்.

இடமும் சாமான்யமான விஷயமில்லை. முழு அளவு மெஷின் 60 செ.மீ. அகலம், ஏறக்குறைய 85 செ.மீ. உயரம். ஒல்லியானது 45 செ.மீ.; அதில் ஒன்பது, பத்து செட் பிடிக்கும். பழைய ஃப்ளாட்டுகளின் மேடை பல இடங்களில் 80ஐத் தாண்டுவதில்லை. சில மாடல்களில் மேல்மூடியைக் கழற்றி இரண்டு மூன்று செ.மீ. குறைக்கலாம், அவ்வளவுதான். மேடைமேல் வைக்கிற குட்டி மெஷின் இருக்கிறதே என்றால், மிக்ஸியும் கிரைண்டரும் எங்கே போகும்? போகட்டும், கதவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அது பீரோக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்காது. முன்னால் சரிந்து தரைக்கு இணையாகப் படுக்கும். எங்கள் அடுக்களையின் நடைவழியில் அது படுத்தால் அடுப்புப் பக்கம் நிற்பவர் அந்தப் பக்கமே. காபிக்காக நிற்கும் நான் இந்தப் பக்கம்.

சின்னதாக வாங்கி இரண்டு தடவை ஓட்டலாமே என்ற சிக்கனமும் செல்லாது. முழு அளவு மெஷின் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் சுமாருக்குத்தான் தண்ணீர் குடிக்கிறது. ராத்திரி ஒரே ஓட்டமாக ஓட்டுவதே லாபம். போர் தண்ணீர் வீடானால் உப்பு தனியாகப் போட வேண்டும். டேபிள் சால்ட் ஆகாது, அதற்கென்றே விற்கிறார்கள்.

அடுக்குவதிலும் சூட்சுமம் உண்டு. ஜல்லிக் கரண்டியின் காம்பு கம்பி இடுக்கில் நழுவித் தொங்கினால், தண்ணீர் பீய்ச்சும் கை சுழலாமல் அதில் முட்டி நிற்கும். மேல்தட்டு டம்ளர்கள் காலை டிகாக்‌ஷன் வளையத்தோடு அப்படியே வெளியே வரும். குழிந்த அடியுள்ள டம்ளரைக் கவிழ்த்தால் குழியில் தண்ணீர் குளம் கட்டும். சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: தினம் சமைக்கிற நாலு பேர் குடும்பத்துக்கு 60 செ.மீ., பதின்மூன்று செட்டுக்குக் குறையாமல், மேல்தட்டை உயர்த்த முடிகிற மாடல். இரண்டு பேர் என்றால் 45 போதும். மேடைமேல் வைப்பது, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வீட்டில் காபி மட்டும் போடுபவர்களுக்கு. கடைக்குப் போகும்போது இன்ச் டேப்போடு உங்கள் வீட்டின் பெரிய குக்கரையும் ரசச் சட்டியையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். கீழ்த்தட்டில் இரண்டையும் வைத்து, மேல்தட்டைத் தள்ளி, கதவை மூடிப் பாருங்கள். மூடினால் வாங்குங்கள்.