ஷட்டர் சாவி யாருகிட்ட?

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. தத்துவம் படிச்சவன் நாட்டை ஆண்டா எல்லாம் சரியாப் போயிடும்னு பிளேட்டோ சொன்னாரா? சொன்னதோட நிக்காம சிசிலித் தீவுக்கே போய் ராசா ஒருத்தனுக்குப் பாடம் நடத்தப் பாத்தாராம். உசிரோட ஊர் திரும்பறதே பெரும்பாடாப் போச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம தஞ்சாவூருலயே ஒரு ஞானி ராசா இருந்தாரே, ரெண்டாம் சரபோஜி. பாதிரியார் சுவார்ட்ஸ் பார்வையில வளந்தவரு. அவர் சேத்த சுவடியும் புஸ்தகமும் சரஸ்வதி மகால்ல இன்னிக்கும் இருக்கு. கண் நோயாளி வந்தா, அந்தக் கண்ணைப் படமா வரைய வச்சு, வைத்தியத்தையும் எழுதி வைக்கச் சொன்னவரு. பிளேட்டோ பாத்திருந்தா கட்டிப் பிடிச்சு அழுதிருப்பாரு.

ஆனா ஒரு சின்ன சங்கதி. 1798ல பட்டத்துக்கு வந்தாரு. 1799ல இங்கிலீஷ் கும்பினிக்காரன் காயிதத்தை நீட்டிட்டான். கோட்டை உனக்கு, நாடு எனக்கு. வருஷத்துக்கு ஒரு லட்சம் பகோடா, வரும்படியில அஞ்சுல ஒரு பங்கு. திங்கிற பக்கோடா இல்லடா, காசு! அப்புறமென்ன, வரித் தொல்லை இல்ல, வாய்க்கா வழக்கு இல்ல, நிம்மதியாப் படிச்சாரு. நெப்போலியனை இங்கிலீஷ்காரன் ஜெயிச்சதுக்குக் கடலோரத்துல மனோரா கோபுரமும் கட்டினாரு. குத்தம் சொல்லலடா. நாடு போனப்புறந்தான் ராசாவுக்கு ஞானியாக நேரம் கெடச்சுதுங்கிறேன்.

இப்ப நம்ம வாய்க்காலுக்கு வா. மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தா, கல்லணை தாண்டி இங்க முழங்கால் தண்ணி வருது. தலைமடைக்காரன் நாத்தே விட்டுட்டான். கடைமடைக்காரன் மம்பட்டியோட நிக்கிறான். ஞானியைக் கூப்பிட்டா, ‘ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு’ன்னு ஆரம்பிப்பாரு. அவர் முடிக்கிறதுக்குள்ள தண்ணி கடலுக்குப் போயிடும். வாய்க்காத் தண்ணியைப் பாத்துக்கிற நம்ம லஸ்கர் படிக்காதவரு. ஷட்டரை ரெண்டு சுத்து எறக்கிட்டு, எவன் திட்டினாலும் சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போயிடுவாரு. வசவு அவருக்கு, வெள்ளாமை ஊருக்கு.

அதனால புத்தி கெட்டவனை ஆள விடுன்னு சொல்லல. அறிவாளி வரட்டும். ராத்திரி மடையில நின்னு நாலு பேர்கிட்ட வசவு வாங்குவாரான்னு மட்டும் மொதல்ல பாத்துக்க.

நீயும் எம்.ஏ. தத்துவம் ஆச்சே. இந்தா மம்பட்டி. நம்ம மடையை அடைச்சுட்டு, கீழ வயலுக்குத் தண்ணியைத் திருப்பிட்டு வா. உங்கப்பன் என்ன சொல்றான்னு கேட்டுக்க. புஸ்தகம் திண்ணையிலயே இருக்கட்டும்.