மாமாவின் அஞ்சு நிமிஷம்

மயிலாப்பூரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறக்கிறதென்றால், பத்து மணிக்குத் திறக்கும் ஏதோவொரு ஆபீசுக்குப் போக 7.29க்கே படியிறங்கி, லஸ் முனையில் வெயில் காய்வார். நிமிஷக் கணக்கில் அப்படி ஒரு கறார். ஆனால் கையில் போன் இருக்கக் கூடாது.

இருந்தால்?

"ஏன்னா, காபி ஆறிப் போறது."

"இதோ, அஞ்சே நிமிஷம்."

பஞ்சாங்கத்தில் நாழிகைக்கு 24 நிமிஷம். மாமாவின் அஞ்சு நிமிஷத்தில் இரண்டு நாழிகை தாராளமாக அடங்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முன்னெல்லாம் இணையத்தில் பக்கம் என்று ஒன்று முடியும். 'அடுத்து' என்று தட்டுவதற்குள் காபி ஞாபகம் வந்துவிடும். 2006இல் ஆசா ராஸ்கின் என்பவர் முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும்படி வடிவமைத்துக் கொடுத்தார். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டார். மாமி இன்னும் மன்னிக்கவில்லை.

நேரம் போகட்டும், வருஷமே அல்லவா குழம்புகிறது! டிசம்பரில் நாலு தூறல் போட்டால் போதும், மாமாவின் போனில் 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் சேர்ந்து கொட்டும். மிக்ஜாம் சமயத்தில் பெருங்களத்தூரில் நிஜமாகவே ரோட்டைக் கடந்த முதலை, அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் கடந்துகொண்டே இருக்கிறது. உடனே அடையாறில் இருக்கும் பெண்ணுக்குப் போன் பறக்கும்.

"வாசல்ல காலை வைக்காதே, முதலை வந்திருக்காம்!"

"அப்பா, இங்கே வெயில் கொளுத்தறது."

மாமா ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். மயிலாப்பூரிலும் வெயில்தான். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று நாலு ஆவின் பாக்கெட் கூடுதலாக வாங்கி வைப்பார்.

மார்கழியில் இது முற்றிவிடும். சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் முதல் ஆளாக எழுந்துவிடுவார். "இருபது நிமிஷம் வாசிப்பார், யார் ஒக்காந்துண்டிருக்கறது?" கான்டீனில் அடை அவியல் சொல்லிவிட்டுப் போனைத் திறப்பார். வந்து நிற்பது அதே மிருதங்க வித்வான். போன வருஷத்துத் தனி, ஒன்றரை நிமிஷத் துண்டு. அதை முடித்தால் இன்னொரு துண்டு. தொடையில் தாளம், தலையில் ஆட்டம், இலையில் அடை விறைத்துக் கிடக்கும். மங்களம் பாடி முடித்து ஜனங்கள் வெளியே வரும்போதுதான் நிமிர்வார்.

"அதுக்குள்ள முடிச்சுட்டாளா? இப்பல்லாம் யாருமே நிறுத்தி நிதானமா வாசிக்கறதில்லை!"