கடித்தது சிலந்தி, வந்தது வயலின்!

கேள்வி: சிலந்தி கடித்தால் ஆடித்தான் தீர வேண்டும் என்று இத்தாலியில் ஒரு வழக்கம் இருந்ததாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். தெற்கே புலியா பகுதியில், அறுவடைக் காலத்தில் ஒரு பெண் சுருண்டு விழுந்தால் தராந்துலா சிலந்தி கடித்துவிட்டது என்பார்கள். டாக்டருக்கு முன் வயலின்காரருக்கு ஆள் போகும். கூடவே, நம் கஞ்சிராவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான டாம்பூரின். மெட்டு மெட்டாக வாசித்துப் பார்ப்பார்கள். கடித்த சிலந்திக்குப் பிடித்த மெட்டு வந்ததும் அந்தப் பெண் துள்ளி எழுந்து ஆடுவாள். (சிலந்திக்கு நிறத்திலும் ரசனை உண்டாம். அதற்காகக் கலர் ரிப்பன்கள்.) ஆட்டம் நாள்கணக்கில்கூட நீளும், வாத்தியக்காரர் கூலி குடும்பத்தின் தலையில். இந்த வைத்தியத்தில் பேர்போன வயலின்காரர் லூயிஜி ஸ்டிஃபானிக்குத் தொழில், முடிதிருத்துவது!

1959-இல் எர்னெஸ்டோ தெ மார்ட்டினோ என்ற ஆய்வாளர் குழுவோடு போய்த் துருவினார். ஆடியவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். 'கடி' வருஷா வருஷம் அதே பருவத்தில் திரும்ப வந்தது. புனித பவுலின் தேவாலயம் உள்ள கலாத்தீனா ஊருக்குள் மட்டும் யாருக்கும் கடி படாது என்றொரு நம்பிக்கை வேறு. ஊர் எல்லை தெரிந்த சிலந்தி! ஆசைப்பட்ட கல்யாணம் நடக்காத துக்கமும் வயல்வேலைக் களைப்பும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை; பழியைச் சிலந்தி மேல் போட்டால் ஊரே கூடிப் பாட்டு வாசிக்கும். எனக்கென்னவோ அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள் என்றே படுகிறது.

1998 முதல் அதே பகுதியில் 'லா நோட்டே தெல்லா தராந்தா' என்று கோடை இசைவிழா நடக்கிறது. மெல்பிஞ்ஞானோவில் விடிய விடிய ஜனம் ஆடுகிறது, கடிபடாமலே.