வீடு பெண்ணுக்கு, வழக்கு எல்லோருக்கும்

மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு பெண்வழிச் சொத்து. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து பெண் வீட்டில் குடியேறுவார். அடுத்த மகள் வளர்ந்ததும் தாயும் தகப்பனும் அதே வளவில் இன்னொரு வீடு கட்டி ஒதுங்குவார்கள். மூன்றாவது மகளும் இருந்தால் வளவுதான் முடியும், ஒதுங்குவது முடியாது. ஆண்பிள்ளைக்கு வீடு எதற்கு? அவனுக்குத்தான் மாமியார் வீடு இருக்கிறதே.

இந்த ஏற்பாட்டுக்கு முக்குவர் சட்டம் என்ற பெயரில் ஒரு காலத்தில் நீதிமன்ற மதிப்பும் இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் அது மெல்ல மறைந்தது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்ற தங்கள் வழமைச்சட்டம் மிஞ்சியது, மட்டக்களப்பாருக்குப் பொதுச்சட்டம். அதன்படி மரணசாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி துணைக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமபங்கு. அதுவரை மனைவி வீட்டில் நிம்மதியாக இருந்த அண்ணன், தகப்பனின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிவதற்குள் பங்காளி ஆகிவிடுகிறார்.

ஆக, வழக்கு பிறப்பது பேராசையால் மட்டுமல்ல, “எழுதலாந்தானே, என்ன அவசரம்?” என்ற நல்ல மனதாலும்தான். காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840இலிருந்தே சட்டம். கலியாணப் பந்தியில் சாப்பிட்ட ஊரே சாட்சி என்று தங்கச்சி அழலாம்; உறுதியில் அவர்கள் கையெழுத்து இல்லை.

கதிரவெளி, வாகரைப் பக்கம் அரசு கொடுத்த பேர்மிட் காணி என்றால் கதை இன்னும் ருசி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் பதியாதபோது மகள்மாருக்கு முன் மகன்மாரை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாக மகளுக்கு வீடு கொடுத்த ஊரில், பிரதேச செயலகக் காகிதம் மூத்த மகனைக் கூப்பிட்டது. இந்த ஆண் முன்னுரிமையை நீக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உரித்து யாருக்கு என்பது ஒரு வழக்கு. உள்ளே இருப்பது யார் என்பது வேறு வழக்கு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி, சமாதானம் குலையும் என்று பொலிஸ் அறிக்கை போட்டால் ஆரம்ப நீதிமன்றம் உறுதியைத் துருவாது, இருப்பவரைப் பார்க்கும். வழக்குப் பதிவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாகத் தள்ளப்பட்டவர் திரும்ப ஏறலாம். எனவே குடும்பத்தார் நாட்காட்டி பார்த்துச் சண்டை பிடிக்கிறார்கள். அண்ணன் போட்ட பூட்டுக்கு மேல் மச்சான் ஒரு பூட்டு. நடுவில் மாமி தன் பழைய அடுப்பை மூட்டிவிட்டு, “நான் எங்கேயும் போகல்ல” என்கிறார். இரு தரப்பும் கிராம அலுவலரான விதானையாரின் கடிதம் வைத்திருக்கும். விதானையாரும் அந்த ஊரில்தானே இருக்க வேண்டும்!

பத்து வருடம் இருந்தாலே வீடு சொந்தம் என்று வேலியோரத்தில் சட்டம் பேசுவோர் பாதி சரி. கூட்டுப் பங்காளிக்கு அது மட்டும் போதாது என்று 1911இல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஒருவர் இருப்பது எல்லோருக்குமாக இருப்பது. மற்றவரை வெளிப்படையாக மறுத்ததைக் காட்டினால்தான் பத்து வருடக் கணக்கே தொடங்கும். அதாவது, தம்பியை அன்பாக வந்து போக விட்ட அண்ணனுக்கு வாய்ப்புக் குறைவு.

கடைசியில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டம். நில அளவையாளர் சங்கிலியோடு வளவுக்குள் வந்ததும், பல வருடம் தண்ணீர் ஊற்றாதவர்களெல்லாம் தென்னைக்கடியில் நிற்பார்கள். யார் எந்த மரத்துக்கு உரிமை கோருகிறார் என்பதை அவர் எழுத வேண்டும். ஒரு தென்னைக்கு மூன்று பெயர் விழும், கிணற்றுக்கு ஐந்து. பாம்பு குடியிருக்கும் புற்றுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். பிரிக்கவே முடியாத வீடு என்றால் விற்கச் சொல்வார்கள். முதலில் பங்காளிகளுக்குள்ளே ஏலம், அவர்கள் எடுக்காவிட்டால் வெளியாருக்கு.