அரைநாள் காப்பகம்: யாரைப் பார்த்துச் சேர்ப்பது?

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையைக் காலையில் நாலு மணி நேரம் மட்டும் விட ஒரு காப்பகம் தேடுகிறேன். எதைப் பார்த்துச் சேர்ப்பது? (ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: சுவரில் வரைந்த மிக்கி மவுஸ் குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடாது, துடைப்பவர் ஆயாம்மாதான். முதலில் அவரைப் பாருங்கள். எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர், எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேளுங்கள். பேச்சு வராத வயதில் அழுகை பசிக்கா தூக்கத்துக்கா என்று பிரித்தறியப் பழகிய ஆள் வேண்டும். மாதம் ஒரு ஆயா மாறும் இடத்தில் ஏசி இருந்தென்ன, ரைம்ஸ் இருந்தென்ன! ‘அரைநாளுக்கு இத்தனை விசாரணையா?’ என்பார்கள். நேரம் குறைவு என்பதால்தான் குழந்தை பழக நாள் பிடிக்கும். அதனால் ஆள் மாறாமல் இருப்பது இன்னும் முக்கியம். வாரம் இரண்டு முழுநாளைவிட, தினமும் அதே வேளையில் விடுவதே நல்லது என்பேன்.

பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஆபீஸில் கேளுங்கள். சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். எந்த இடமானாலும் ஒருநாள் பதினொரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். கேட்டிலேயே நிறுத்தினால் வேறு இடம் பாருங்கள்.